கோபத்துக்குச் சர்க்கரை

வீட்டுக்காரிக்கு,

நீயும் சின்னவளும் சுகந்தானே? நானும் சுகம். பதறாமல் படி.

போன வாரம் சலவைக்கூடத்தில் வேலை மும்முரம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தேன். சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, சூப்பர்வைசர் மேல் எரிந்து விழுந்தேன். "குடிச்சிருக்கியா?" என்றார். நீயாக இருந்தால் நான் சிடுசிடுத்ததுமே வாயில் சர்க்கரையைப் போட்டிருப்பாய். இங்கே என் சுபாவமே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். நல்லவேளை, பையில் மிட்டாய் இருந்தது.

அறைத்தோழனிடம் விவரமெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது எதற்குக் கோபப்பட்டாலும், "மொதல்ல இதப் போட்டுக்க, அப்புறம் திட்டு" என்று சர்க்கரையை நீட்டுகிறான்.

மிட்டாய் வைத்துக்கொள்ள, பை வைத்த பனியன் இரண்டு தைத்து அனுப்பு. வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பி.கு.: நேற்று உன் நினைப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அறைத்தோழன் அதற்கும் சர்க்கரையை நீட்டினான். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.