நேரில் பார்க்காத முதுகு

கொழும்பு,
3.6.2024

அன்பு அக்கா,

ஆண்டவர் துணையால் நலம். உன் போன் தண்ணீரில் விழுந்ததும் நல்லதுதான். உன் கையெழுத்தைப் பார்க்கக் கிடைத்தது. இடுப்பு வலிக்கு மூன்று பயிற்சிகளைப் படமாக வரைந்திருக்கிறேன். மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சோடு அணைத்துப் பிடி. மண்டியிட்டுக் கைகளை முன்னால் நீட்டிக் குனி. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கு. மூச்சை மட்டும் அடக்காதே.

நேரில் பார்க்காதவர்களுக்குப் பயிற்சி சொல்லக்கூடாது என்பதுதான் எங்கள் பிசியோதெரபி வகுப்பில் முதல் பாடம். நீ என் அக்கா என்பதால் மீறுகிறேன்.

உன் தங்கச்சி,
நிலக்ஷனா

பசறை,
15.6.2024

என் தங்கம் நிலக்ஷனாவுக்கு,

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும் முன் லயத்து வீட்டு வாசலில் பாய் விரித்துச் செய்கிறேன். "என்னா இருதயம், இந்த வயசுல டான்ஸ் பழகுறியா?" என்று கங்காணி சிரிக்கிறார்.

முதல் வாரம் சுகமாக இருந்தது. இப்போது வலி வலது காலுக்குள் இறங்கிக் குதிகால் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. நேற்று கொழுந்து எடுக்கும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் ஒரு நிரை தேயிலை முழுக்க நடந்திருக்கிறேன். பயிற்சி போதவில்லை போலிருக்கிறது. நீ பதில் எழுதும் வரை இரண்டு மடங்காகச் செய்கிறேன். சீக்கிரம் எழுதம்மா.

அக்கா இருதயம்மா

கொழும்பு,
29.6.2024

அக்கா,

படிப்பு மும்முரத்தில் உன் கடிதத்தைப் பத்து நாள் பிரிக்காமலே வைத்துவிட்டேன். இன்றுதான் படித்தேன். பயிற்சியை உடனே நிறுத்து. வெட்கப்படாதே: உட்காரும் இடம் மரத்திருக்கிறதா? சிறுநீர் தெரியாமல் போகிறதா, வராமல் நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிஷமே அத்தானோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போ.

அத்தானின் போன் வேலை செய்யவில்லை. தோட்டத்து ஆபீசில் "சொல்றோம்" என்று வைத்துவிட்டார்கள். நம் லயத்து ஜேசன் இன்று ஊருக்கு வருகிறான், அவனிடம் இதைக் கொடுக்கிறேன். பத்தாம் திகதி கடைசிப் பரீட்சை. முடிந்ததும் ஓடி வருகிறேன்.

நிலக்ஷனா

பதுளை,
4.7.2024

நிலக்ஷனா,

ஜேசன் உன் கடிதத்தைக் கொண்டுவந்தபோது, கால் மடங்கி விழுந்த என்னைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ கேட்டதெல்லாம் மூன்று நாளாக இருந்தது. உன் அத்தானிடம் சொல்லக் கூச்சம். வலி அடியோடு நின்றதால் குணமாகிவிட்டது என்றே நினைத்தேன்.

முதுகில் ஆபரேஷன் செய்தார்கள். வலது பாதத்தைத் தூக்க வரவில்லை. ஒன்றுக்குப் போகக் குழாய் போட்டிருக்கிறார்கள். "ஒரு கிழமை முந்தி வந்திருந்தா கால் தப்பியிருக்கும்" என்றார் டாக்டர். பயிற்சி யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். டிவியில் பார்த்தேன் என்றேன். உன் படிப்புக்கு ஒன்றும் வராது.

பத்தாம் திகதி வராதே. உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

இருதயம்மா