செத்த பேட்டரி மொய்

கடமலைக்குண்டு
4.8.2025

பாசமுள்ள அண்ணனுக்கு,

முனீஸ்வரி எழுதுறேன். போன்ல பிளாக் பண்ணிட்டீக, அதான் கடுதாசி. தபால்காரர பிளாக் பண்ண முடியாதுல்ல.

தேனி மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி ஏத்துற ராஜாத்தி அக்காவோட ஈ-ஆட்டோ ரெண்டு மாசமா நிக்குது. பேட்டரி போச்சு. உங்க கம்பெனி டீலர்ட்ட கேட்டா, லித்தியம் வரத்து இல்ல, தீவாளி கழிஞ்சு பாப்போம்ங்குறாக. அக்கா இப்ப களை வெட்டப் போகுது.

செத்துப்போச்சுன்னு தூக்கிப்போட்ட ஈ-ஸ்கூட்டர் பேட்டரி ஒண்ணப் பிரிச்சுப் பாத்தேண்ணே. ரெண்டு மூணு செல்லுதான் அவுட்டு. மத்ததெல்லாம் கல்லுக்கணக்கா இருக்கு. வெளிநாட்டுல மலையத் தோண்டி எடுத்தத இங்கன பரண்ல போட்டுட்டு, வரத்து இல்லைங்குறோம். இதத்தான் வீடியோவாப் போட்டேன். இதுக்கா கோவம்?

ஆவணி கடைசியில பேட்டரி ரிப்பேர் கடை தொறக்குறேன். பத்திரிகை வச்சிருக்கேன், பாருங்க. பணம் வேணாம், வீட்டுல கெடக்குற செத்த பேட்டரியத்தான் மொய்யாக் கேட்டிருக்கேன். மைக்ல மொதல்ல கூடப்பொறந்தவக மொய்யத்தான வாசிக்கணும். வந்துருங்க.

உங்க முனீஸ்

சென்னை
19.8.2025

அன்புத் தங்கைக்கு,

உன் வீடியோவை மேனேஜர் மீட்டிங்கில் போட்டுக் காட்டி, "உங்க தங்கச்சியாமே" என்றார். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

லித்தியம், கோபால்ட்டு எல்லாம் கடல் தாண்டி வரணும். தோண்டுற இடம் கொஞ்சம், கேக்குறது உலகமே. பொறுத்துத்தான் ஆகணும். நீ படிச்சது பன்னெண்டாவது, மிச்சமெல்லாம் யூடியூப். செல் சூடாகித் தீப்பிடிச்சா யாரும்மா பதில் சொல்றது?

வீடியோவை எடுத்துரு. ஸ்டாஃப் கோட்டாவில் ராஜாத்தி அக்காவுக்கு ஒரு பேட்டரி வாங்கித் தர்றேன். எடுக்கலைன்னா என்னை எதிர்பார்க்காதே. என் பேரையும் வாசிக்காதே.

அண்ணன்
ஈஸ்வரபாண்டி

கடமலைக்குண்டு
22.9.2025

அண்ணனுக்கு,

கடை தொறந்தாச்சு. வீடியோ அங்கனயேதான் இருக்கு.

உங்க கோட்டா பேட்டரிய அக்காட்ட சொன்னேன். "எனக்கு ஒண்ணு வந்துரும்டி. ஸ்டாண்டுல நிக்கிற மத்த ஆட்டோவுக்கெல்லாம் எத்தன அண்ணன் வேணும்?"னு கேட்டுச்சு.

கூட்டம் அள்ளிருச்சு. சங்கிலியம்மா பெரியம்மா கடிகார செல்ல மஞ்சப்பையில கொண்டாந்துச்சு. சுந்தர்ராஜ் மாமா டிராக்டர் பேட்டரியத் தூக்கியாந்து இடுப்பப் பிடிச்சுட்டாக. "இது ஆசிட் பேட்டரி மாமா, ஆகாது"ன்னா, "மொய்ய வேணாம்பியா நீ?"ன்னு மொறைக்கிறாக. வாங்கி ஓரமா வச்சேன்.

மைக் பிடிச்ச சுரேஷ்கண்ணன் மொத மொய் யாருன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறான். எல்லாரும் ரோட்டப் பாத்தாக. நான் நம்ம வீட்டுப் பரண்ல ஏறுனேன். மொதச் சம்பளத்துல நீங்க வாங்குன ஈ-ஸ்கூட்டரு பேட்டரி சாக்குக்குள்ள கெடந்துச்சு. எறக்கி டேபிள்ல வச்சேன்.

"கூடப்பொறந்த அண்ணன் ஈஸ்வரபாண்டி, சென்னை. பேட்டரி ஒண்ணு."

வேணாம்னு எழுதுனீக. வாசிச்சுட்டேன்.

கிளவுஸ் போட்டு, கண்ணாடி மாட்டி, மணல் வாளிய பக்கத்துல வச்சுத்தான் பிரிச்சேன். நாலு செல்லு போக மிச்சம் பூரா உசுரோட இருக்குண்ணே. ஊர் மொய்யில தேறுனதையும் சேத்து அக்கா வண்டிக்குக் கட்டியாச்சு. இன்னைக்குக் காலையில தக்காளியோட தேனிக்குப் போயிருச்சு.

மொய் வாங்குனவ திருப்பிச் செய்யணும்ல. இப்ப நீங்க ஓட்டுற வண்டியும் ஒருநா மக்கர் பண்ணும். வரத்து இல்லைன்னு உங்க கம்பெனியே கைய விரிக்கும். அன்னைக்கு இங்கன கொண்டாங்க, மொத ஆளா உங்களுக்குத்தான் கட்டித் தருவேன்.

அதுவரைக்கும் பிளாக்ல போட்டே வைங்க.

முனீஸ்வரி