நாலு பிள்ளை கேட்டவளுக்கு

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? வயிற்றில் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதா? தண்ணீர் வாளியைத் தூக்காதே, உன் தம்பி எதற்கு இருக்கிறான்?

பிரசவ ஆபரேஷன் முடிந்த மறுநாளே போனில், "இன்னும் மூணு பெத்துக்கணும்" என்றாயே, எனக்குத்தான் பயம் வந்துவிட்டது. உன் தைரியம் யாருக்கு வரும்!

நேற்று, தினமும் என் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்சம்மாவிடம் மெல்லக் கேட்டுவிட்டேன். அவருக்கும் மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆபரேஷன்தானாம்.

"பெத்துக்கலாம்ப்பா. ஆனா ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஆபத்து கூடும். இப்பவே கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் டாக்டரைக் கேட்டுட்டு அடுத்ததை யோசிங்க. இப்போதைக்கு ஒண்ணரை வருஷமாவது இடைவெளி விடணும். ஆமா, நீ எப்ப ஊருக்குப் போறே?"

"காண்ட்ராக்ட் முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

"அப்ப இடைவெளியைப் பத்தி உனக்கென்ன கவலை?"

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் இறங்கிப் போனபிறகு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

பாப்பா பிறந்தபோது உன் பக்கத்தில் நான் இல்லை. அடுத்தது எப்போது, எத்தனை என்று நீயும் டாக்டரும் பேசி முடிவெடுங்கள். ஆனால் அந்தப் பிரசவத்துக்கு நான் அங்கேதான் இருப்பேன் என்று முதலாளியிடம் இன்று சொல்லிவிட்டேன். முறைத்தார், முறைக்கட்டும்.

போட்டோவில் பாப்பா மட்டும்தான் வருகிறாள். அடுத்த முறை நீயும் கூட நில். அடுத்த நடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்