கெங்கம்மா கூடை உருளைக்கிழங்கு

இராயபுரம்
3-7-1951

தேவகிருபைக்கு,

நான் பொறுத்துக்கொண்டிருந்தது போதும். நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்து ஒரு மாதமாகிறது. தெருவில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

கன்னிமடத்துக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாயா, அந்த அயர்லாந்து மதர் பிரிஜித்திடம் வைத்தியம் படிக்கப் போனாயா? இருமலுக்கு என் நெஞ்சில் வாத்துக் கொழுப்பைத் தேய்த்தாய். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரன் ஜன்னலோரம் மாறிப்போனான். சவரக் காயத்தில் ஒட்டடையை அப்பினாய். முட்டிவலிக்குச் சட்டைப்பையில் பச்சை உருளைக்கிழங்கு. அது துரை முன்னால் உருண்டு ஓடியது. பியூன் சின்னப்பையன் எடுத்துக் கொடுத்து, "இன்னா சார், ஆபீஸ்லயே அரிஞ்சிக்கலாமா?" என்றான். அதையும் பொறுத்தேன்.

திருடிய கிழங்குதான் வலியை இழுக்குமாம். அதற்காகக் காய்கறிக்காரி கெங்கம்மாவின் கூடையிலா கை வைப்பாய்? "படிச்ச வூட்டுப் பொம்பள, கெயங்க லவட்டிகினு பூட்டா" என்று அவள் தெருவையே கூட்டினாள். அப்போது நான் உன்னைத் திருடி என்றதில் என்ன தப்பு?

மதரின் வைத்தியத்தை விட்டுவிட்டு வருவதானால் வா.

தவசிமுத்து


திருவொற்றியூர்
8-7-1951

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். முட்டி எப்படி இருக்கிறது? படியேறும்போது கையைப் பிடிக்க ஆள் உண்டா?

திருடியது நான்தான். கேட்டிருந்தால் கெங்கம்மாவே கொடுத்திருப்பாள். கேட்டு வாங்கினால் பலிக்காதே. ஆனால் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்ன வார்த்தை இன்னும் காதில் கேட்கிறது.

குணமானவர் நன்றி சொன்னாலும் மருந்து முறிந்துவிடுமாம். "உன் புருஷன் வாய் தவறிச் சொல்லிவிடுவாரோ?" என்று மதர் கவலைப்பட்டார். அந்தப் பயமே வேண்டாம் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

வைத்தியத்தை விடமாட்டேன். அப்படியே நான் வரலாமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
தேவகிருபை


இராயபுரம்
21-7-1951

தேவகிருபைக்கு,

உன் குத்தல் புரிந்தது. பதிலே எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

முட்டி மடங்கவில்லை. கடையில் கிழங்கு வாங்கிப் பையில் போட்டேன், அழுகி நாறியது. வேறு வழியில்லாமல், கெங்கம்மா யாருக்கோ கத்திரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தபோது கூடையில் நானே கையை விட்டேன். பார்த்துவிட்டாள். "இன்னா சார், புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் இதான் தொயிலா? வூட்டுக்கு யக்காவ எப்ப இட்டாரப் போற?" தெருவே சிரித்தது. உன்னை நான் சொன்ன வார்த்தையை இப்போது என்னைச் சொல்கிறார்கள். எல்லாம் உன்னால்.

எடுத்த கிழங்கை நான் விடவில்லை, அது அழுகாமல் கறுத்துச் சுருங்கிவருகிறது. முட்டியைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. நேற்று ஸ்டேஷன் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலுக்கு அங்கே நிற்பேன். உன் வைத்தியத்தையும் கொண்டு வா. வாத்துக் கொழுப்பை மட்டும் அக்காவிடமே கொடுத்துவிடு.

கையெழுத்துக்கு மேலே, வழக்கமில்லாத ஒரு வார்த்தை வந்து நிற்கிறது. எழுதினால் மருந்து முறிந்துவிடும் என்கிறாய். அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போட்டால், என் போன கடிதம் மாதிரியே ஆகிவிடும். என்ன தொல்லை இது. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.