பியானோ போன முன்வாசல்

இன்று காலை உங்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தேன். பால்கனி அலமாரியில், நீங்கள் வைத்த பழைய பிஸ்கட் டின்னில்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பியானோ ஸ்டூலின் மூடியைத் தூக்கியதும் இரண்டு வாசனைகள் சேர்ந்து வந்தன. ஒன்று பழ பிஸ்கட். இன்னொன்று, மரத்தில் ஊறிப்போன உங்கள் சிகரெட். அந்தப் பெட்டிக்குள் நீங்கள் பாக்கெட்டை ஒளிப்பதை நிறுத்தி முப்பது வருடம் ஆகிறது. எத்தனை முறை எலுமிச்சைத் தோலால் தேய்த்திருப்பேன். போகவில்லை.

பிஸ்கட் யாருடையது என்று கேட்பீர்கள். வரிசையாகத்தான் சொல்வேன். கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கம் உங்களுடையது, என்னுடையது அல்ல.

காஞ்சன்பாக் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது யார் வீட்டிலும் பியானோ கிடையாது. லாலாகுடாவில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறது, பியானோவை விற்கிறார்கள் என்று என் பள்ளித் தோழி சொன்னாள். பையன் கற்றுக்கொள்வான் என்று உங்களிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு அது வேண்டியிருந்தது. வாசிப்பதற்குக்கூட அல்ல, இரண்டு விரலால் ஒரே ஒரு பிரார்த்தனைப் பாட்டுதான் எனக்கு வரும். வருகிறவர்கள் பார்ப்பதற்கு வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்து வந்து, "ஓவர்டைம் பணம் வந்திருக்கு, வாங்கிடலாம்" என்றீர்கள். ஃபேக்டரி ஃபிட்டரின் ஓவர்டைமில் பியானோ வருமா என்று கணக்குப் போடத் தெரியாதவள் இல்லை நான். போட விருப்பமில்லை.

அடுத்த வருடம் சம்பள நாளன்று ஒருவர் சைக்கிளில் வந்து நம் வாசலில் நின்றார். "சாப் கஹான் ஹை அம்மா? தீன் மஹினே சே கேட் பே மில்தே நை" என்றார். நீங்கள் எங்கே என்று கேட்டார்; மூன்று மாதமாக ஃபேக்டரி கேட்டில் அவர் கண்ணில் படவில்லையாம், வட்டி பாக்கியாம். குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகவே கேட்டார். அதுதான் தாங்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் கொடியிலிருந்து எடுத்த துணியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

அன்று வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினேன். ஸ்டூலுக்குள், இசைப் புத்தகங்களுக்கு அடியில் மூன்று சிகரெட் பாக்கெட்டுகள் கிடைத்தன. கடன் முழுவதும் புகையாகப் போனது என்று முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டுகளை எடுத்துவிட்டு மேஜையில் மூன்று தாள்களை வைத்தேன். அந்த வாரம் என்ன சாப்பிட்டோம், குடித்தோம், புகைத்தோம், செலவழித்தோம், என்ன பொய் சொன்னோம் என்று அவரவர் எழுதி உரக்கப் படிக்க வேண்டும். ஒருவர் படிக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது.

"சரிங்க மதர்" என்றீர்கள். நான் கண்டிப்பாக இருந்தால் உங்களுக்கு என் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் நினைவுக்கு வந்துவிடுவார்கள்.

பத்து வயதுப் பிரகாஷ் முதலில் படித்தான். "சாக்லேட், அஞ்சு. கடையில அம்மா பேர்ல எழுதிக்கச் சொன்னேன்." நீங்கள் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினீர்கள். பிறகு உங்கள் முறை. "சிகரெட், பன்னண்டு. இரானி ஹோட்டல் சாய், ஆறு. உஸ்மானியா பிஸ்கட், ரெண்டு." அங்கே கொஞ்சம் நிறுத்தினீர்கள். "பொய், ஒண்ணு."

விதியை மீறி நானே கேட்டேன். "என்ன பொய்?"

தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னீர்கள். "அதோ நிக்குதே."

மூன்று பேரும் பியானோவைப் பார்த்தோம். அதை வாங்கத்தான் சைக்கிள்காரரிடம் வட்டிக்கு எடுத்திருக்கிறீர்கள். என் கையில் இருந்த தாளில் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தேன், சிஸ்டர்கள் பரிசு கொடுத்த அதே கையெழுத்தில். நான் அதைப் படிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நீங்களும் கேட்கவில்லை.

பியானோவை வாங்க செகந்தராபாத்திலிருந்து ஒரு பாட்டு டீச்சர் வந்தார். ஆட்கள் கயிறு கட்டியபோது நீங்கள் என் காதருகே வந்து, "பின்பக்கமா எடுத்துடலாம், நாலு பேர் பார்ப்பாங்க" என்றீர்கள்.

"முன்வாசல் வழியாத்தானே வந்துச்சு? அப்படியே போகட்டும்."

கஞ்சி போட்ட காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு கேட்டை நானே பிடித்தபடி நின்றேன். எதிர்வீட்டு அம்மாள், "ஏமண்டி, ரிப்பேரா?" என்றாள். "இல்லை, கடன். அடைக்கிறோம்" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

டீச்சரிடம் ஏற்கனவே ஸ்டூல் இருந்ததால் இதை விட்டுப் போனார். அன்றே நீங்கள் ஸ்க்ரூ டிரைவருடன் அதன் முன் உட்கார்ந்தீர்கள். "மூடி இருக்கிறவரைக்கும் எதையாவது ஒளிக்கத் தோணும். கழட்டிடறேன்." நல்ல ரோஸ்வுட்டைக் கெடுக்காதீர்கள் என்று தடுத்தவள் நான்.

பன்னிரண்டு சிகரெட் ஆறாகி, இரண்டாகி, ஒரு நாள் உங்கள் சட்டைப் பையில் சோம்பு மட்டும் இருந்தது. இரண்டு முறை வழுக்கினீர்கள். இரண்டு முறையும் எழுதிப் படித்தீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் குவார்ட்டர்ஸைச் சுற்றி நடந்தோம். என் சர்க்கரைப் பாகு ஜாங்கிரிகளும் ஞாயிறு மேஜையில் மாட்டிக்கொண்டன. கடன் தீர மூன்று வருடம் ஆயிற்று. கடைசித் தவணையன்று சைக்கிள்காரரை உள்ளே உட்காரவைத்துச் சாய் கொடுத்தீர்கள். அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன்.

தார்நாகாவில் நீங்கள் வாங்கிய ஃப்ளாட்டில்தான் நானும் பிரகாஷும் மருமகள் வித்யாவும் இருக்கிறோம். போன மாதம் பிரகாஷ் ஒரு கட்டுக் காகிதத்தை என் முன் வைத்து, "ஒரு சைன் போடுங்கம்மா, டாக்ஸுக்கு" என்றான். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவளைப் போலவா நான் தெரிகிறேன்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

"இது டாக்ஸ் இல்லை, பிரகாஷ். இது வீடு. அடமானம்."

"எல்லாக் கடனையும் ஒண்ணாக்கி ஒரே ஈஎம்ஐயா ஆக்கிடலாம்மா. உங்களுக்கு இந்த ஃபைனான்ஸ் எல்லாம் புரியாது."

"எல்லாக் கடனும்னா எது எது?"

அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு ஃபோன் வந்தது. "அம்மா, மீ அப்பாயி ஃபோன் எத்தட்லேதண்டி" என்றாள் ஒரு பெண். என் மகன் ஃபோனை எடுப்பதில்லையாம். மூன்றாவது கிரெடிட் கார்டுக்குப் பணம் கட்டவில்லையாம். அவன் எடுக்காவிட்டால் கூப்பிட என் எண்ணைக் கொடுத்தவனும் அவனே. சைக்கிளுக்குப் பதில் ஃபோன், அவ்வளவுதான். மரியாதை அதே மரியாதை.

"மூணு கார்டா? எனக்கு ரெண்டுதான் தெரியும்" என்றாள் வித்யா.

"உனக்கு ரெண்டுதான் சொன்னேன்" என்றான் அவன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கோவா போனது, இரண்டு பேருக்கும் புது ஃபோன், தினமும் வாசலுக்கு வரும் பார்சல் பிரியாணி, எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பெரிய கார். மெட்ரோவில் தார்நாகாவில் ஏறினால் அவன் ஆபீஸ் இருக்கும் மாதாப்பூரில் இறங்கலாம். நடுவில் ரயில்கூட மாற வேண்டாம். ஆனால் ஆபீஸில் எல்லோரும் காரில்தான் வருகிறார்களாம். நாற்பது வயதில் அவனுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. பால்கனியில் புதினா வாசனையோடு ஏதோ ஒரு மின்சாரச் சிகரெட்டை ஊதுகிறான். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. உங்களோடு வாழ்ந்தவளுக்கா தெரியாது?

செகந்தராபாத்திலிருந்து என் தம்பி பேசினான். "அக்கா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

"நிம்மதியா இருக்க எனக்கு ஒரு வீடு வேணும்" என்று வைத்துவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன். மகனுக்கு உதவாத தாய் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். நீங்கள் செங்கல் செங்கலாகச் சேர்த்ததை மூன்று பிளாஸ்டிக் அட்டைகளுக்குக் கொடுப்பது உதவி என்றால், அந்த உதவி என்னிடம் கிடையாது. ஒரு வாரம் பிரகாஷ் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேஜையில் மூன்று தாள்களை வைத்தேன்.

"இது என்ன, ஸ்கூலா?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"நான் முதல்ல படிக்கிறேன். கேட்டுட்டுப் போ" என்றேன்.

அங்கேதான் பிஸ்கட் வருகிறது. "பழ பிஸ்கட், ஆறு. ஸ்டூல்ல ஒளிச்சு வச்சது. சுகர் மாத்திரை, ரெண்டு நாள் போடலை. பொய், ஒண்ணு."

"என்ன பொய், அத்தை?" என்றாள் வித்யா.

"வளையல் லாக்கர்ல இல்லை. நகைக் கடன்ல இருக்கு."

உங்களிடமும் இதைச் சொல்லவில்லை. உங்கள் படத்தைப் பார்க்காமல்தான் அன்று ஆட்டோவில் ஏறினேன். போன வருடம் என் தம்பி மகள் கல்யாணம். கணவன் போனபின் இவள் கை சுருங்கிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று மூன்று வளையல்களை அடகு வைத்துச் சீர் செய்தேன். உங்கள் பென்ஷனில் வட்டி போகிறது. எல்லோரும் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். அதே பியானோதான்.

பிரகாஷ் நின்றுகொண்டே இருந்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பேனாவை எடுத்து, "சரிங்க மதர்" என்றான். அந்த வார்த்தையை இத்தனை வருடத்தில் அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வித்யா யாரிடம் சொல்கிறான் என்று புரியாமல் பார்த்தாள். அவன் எழுத இரண்டு தாள் வேண்டியிருந்தது.

கார் போன வாரம் போயிற்று. கார்க் கடனோடு எடுத்துக்கொள்ள ஒருவர் வந்தார். "பேஸ்மென்ட்லயே எடுத்துட்டுப் போகட்டும்மா" என்றான். கஞ்சி போட்ட புடவையில் முன்கேட்டில் போய் நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து அவனே காரை மேலே ஓட்டிவந்து கேட்டில் நிறுத்திச் சாவியைக் கொடுத்தான். வாட்ச்மேன், "சர்வீஸ் கோ ஜா ரஹி சாப்?" என்றார், சர்வீஸுக்குப் போகிறதா என்று. "ஹவ், சர்வீஸ்" என்று தலையாட்டினான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த ஞாயிறு அவன் தாளின் கடைசி வரி: "பொய், ஒண்ணு. வாட்ச்மேன்கிட்ட."

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கார்டுகள் தீர வருடக்கணக்காகும். புதினா வாசனை குறைந்திருக்கிறது, போகவில்லை. அடுத்த வாரம் ஒரு வளையலை விற்று மற்ற இரண்டை மீட்கிறேன். பிரகாஷ் மெட்ரோவில் நின்றுகொண்டு போகிறான், கொஞ்சம் இளைத்திருக்கிறான்.

இன்று மூடியின் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து அசைய மறுத்தன. "கொடுங்கம்மா, நான் கழட்டறேன்" என்று வந்தான். "நக்கோ" என்றேன். வேண்டாம் என்பதற்கு உங்கள் ஃபேக்டரிப் பேச்சு என் வாயில் வந்ததைக் கேட்டு அவன் சிரித்துவிட்டான். நான்கையும் நானே கழற்றினேன். இனி அதில் உட்கார முடியாது. மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வீட்டு ரசீதுகளையும் கார்டு பில்களையும் அதில் போடச் சொல்லிவிட்டேன்.

அடியில் இருந்த இசைப் புத்தகத்தை எடுத்தபோது நான்காக மடித்த ஒரு தாள் விழுந்தது. அன்று இடுப்பிலிருந்து எடுத்து நானே ஒளித்ததுதான். "ஒன்றுமில்லை." முப்பது வருடமாக மூடிக்கு அடியில் இருந்ததால் மை கொஞ்சமும் மங்கவில்லை. அதற்குக் கீழே எழுதினேன்: "பொய், ஒன்று. பியானோ." எழுத்து கோணலாக விழுந்தது. சிஸ்டர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். குறைக்கட்டும்.

நாளை ஞாயிறு. முதலில் இதைத்தான் படிப்பேன்.