கதவைத் திறந்தே வைக்கச் சொன்னவள்

டெவன்போர்ட்,
மார்ச் 27, 1871

அன்புள்ள சைலஸ்,

நானும் குழந்தையும் இங்கே சுகம். கடலும் உங்கள் கேப்டனும் உங்களிடம் கொஞ்சம் கனிவாக நடந்துகொள்ள வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஈனோக்குக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. கையில் எது அகப்பட்டாலும் கடிக்கிறான், என்னையும் சேர்த்து. போன மாதக் காற்றில் நம் புகைபோக்கியின் தலை பெயர்ந்து பக்கத்து வீட்டு முட்டைக்கோசுப் பாத்தியில் போய் விழுந்தது. "கப்பல்ல தச்சு வேலை பாக்குறவரு வீட்டுக் கூரையா இது?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நீங்கள் வந்து பதில் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வழக்குகள் இருக்கின்றன.

மால்டாவிலிருந்து நீங்கள் எழுதியது போன வாரம் கிடைத்தது. நின்றபடி ஒரு முறை படித்தேன், உட்கார்ந்து ஒரு முறை படித்தேன். இரண்டு முறையும் அதே வரிதான் இருந்தது. கெசையாவின் பெயர் போலீஸ் வாயில் அடிபடுகிறது என்று உங்கள் கப்பல் நண்பரின் மனைவி எழுதிவிட்டாளாம். ஆகவே நீங்கள் ஊர் திரும்புவதற்குள் உங்கள் தங்கை நம் வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டுமாம். காரணம் இல்லாமல் போலீஸ் ஒரு பெண்ணைத் தேடி வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வரும், சைலஸ். எப்படி வரும் என்று சொல்கிறேன். கோபப்படுவதென்றால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. கப்பல்காரர்களின் உடம்பு கெடக் கூடாது என்று போட்ட சட்டம். லண்டனிலிருந்து சீருடை இல்லாத போலீஸ்காரர்கள் வந்து நம் தெருக்களில் திரிகிறார்கள். எந்தப் பெண்ணைப் பார்த்து அவள் அந்தத் தொழில் செய்கிறவள் என்று அவர்களுக்குத் தோன்றுகிறதோ, அவள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் முன்னால் போய்ப் படுக்க வேண்டும். நோய் இருந்தால் பூட்டிய வார்டில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். கப்பல்காரர்களை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மால்டாவில் கரை இறங்கும்போது உங்களை யாராவது வரிசையில் நிறுத்திப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் ராணியின் கடற்படை மறுநாளே கலகம் செய்திருக்கும்.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் அந்த லண்டன் போலீஸ்காரர்களில் ஒருவன் நம் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் பின்பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தேன். கெசையா ஜன்னலோரம் மாலுமிச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைப் போல மரியாதையாகப் பேசினான். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுதும்மா. கோர்ட்டு கீர்ட்டுன்னு அலைய வேண்டாம். எழுதத் தெரியலன்னா ஒரு சிலுவைக் குறி போதும்" என்றான்.

நம் தெருவில் நிறையப் பேர் அப்படித்தான் குறி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் தங்கைக்கு ஞாயிறு பள்ளியில் எழுத்து சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே. அவள் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் கடைசி வரை படித்தாள். பிறகு அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "நானே விரும்பி டாக்டர்கிட்ட வரேன்னு எழுதியிருக்கு. எனக்கு விருப்பம் இல்லையே" என்றாள். சம்மன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ரண்டில் அம்மாள் என்று குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு விதவை இருக்கிறார். அவருடைய கணவர் கப்பல் கயிறு வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். வண்டியில் போக வசதி இருந்தும் அந்த அம்மாள் நம் தெருச் சேற்றில் நடந்து வீடு வீடாகப் போகிறார். கையெழுத்துப் போடாதீர்கள், மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள், வக்கீலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்கிறார். ஊர் ஊராக இப்படிப் பெண்கள் கிளம்பியிருக்கிறார்களாம். பெரிய மனிதர்கள் வாயில் வராத வார்த்தைகளை இந்த வெள்ளைத் தலை அம்மாள் கூட்டத்தில் நிமிர்ந்து நின்று சொல்கிறார். ஒரு நாள் யாரோ அழுகிய முட்டையை எறிந்தார்கள். தொப்பியைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். நான் கண்ணால் பார்த்தேன்.

பாலி வீலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்று நீங்கள் சொன்னால் நம்பிக்கொள்கிறேன். துறைமுகச் சாராயக்கடைப் பக்கம் நிற்பாளே, சிவப்புத் தலைமுடிக்காரி, அவள்தான். அந்த டாக்டர் அறையில் என்ன நடக்கிறது என்று கெசையாவுக்குச் சொன்னவள் அவள். எனக்கும் சொன்னாள். இந்தக் கடிதத்தில் அதை எழுத மாட்டேன். கேட்ட அன்று என்னால் சாப்பிட முடியவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சம்மன் வந்த பிறகு கோர்ட்டு குமாஸ்தா நல்ல மனதோடுதான் ஒரு யோசனை சொன்னார். "ஒரே ஒரு தடவ டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துரு பொண்ணே. நீ சுத்தமானவன்னு அவரே சொல்லிடுவாரு. கேஸே கிடையாது" என்றார். கெசையா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "நான் நல்லவன்னு சீட்டு வாங்கிட்டு வந்துட்டா, சீட்டு இல்லாதவள்லாம் கெட்டவன்னு ஆயிடும் ஐயா. பாலி மட்டும் என்ன மரக்கட்டையா, கண்டவன் தொடறதுக்கு?" குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அன்றுதான் நம் வீட்டில் இத்தனை நாளாக யார் வளர்ந்துகொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

விசாரணை பிப்ரவரியில் நடந்தது. இந்த மாதிரி வழக்கைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரிப்பார்கள், திறந்து வைக்கச் சொல்லிப் பெண்ணே கேட்டாலொழிய. யாரும் கேட்பதில்லை. மாஜிஸ்ட்ரேட் காவலரைப் பார்த்து, "கதவ சாத்துப்பா, இந்தப் பொண்ணோட மானத்தையும் பாக்கணும்ல" என்றார். கெசையா எழுந்து நின்றாள். "தொறந்தே வையுங்க ஐயா. மானம் போற மாதிரி நான் எதுவும் செய்யல. செய்யறவங்க யாருன்னு எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

திறந்த கதவு வழியாக யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். மீன் கூடைக்காரிகள், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தையல்காரிகள், நம் சபையிலிருந்து சில பேர், சாம்பல் நிற உடையில் ரண்டில் அம்மாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பாலி வீல். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெஞ்சின் ஓரத்தில் நான் ஈனோக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இனிமேல் எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள், சைலஸ். லண்டன்காரன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டுச் சாட்சி சொன்னான். இந்தப் பெண் நடத்தை சரியில்லாதவள் என்று தனக்கு முதன்முதலில் தோன்றியது அக்டோபரில், துறைமுகப் படிக்கட்டில் என்றான். விடிகிற நேரம். தாடி வைத்த ஒரு மாலுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று அழுதாளாம். ஊர் பார்க்கிறதே என்ற கூச்சமே இல்லையாம். அன்றிலிருந்து அவள்மேல் கண் வைத்தானாம். தைத்த சட்டைகளைக் கடையில் கொடுக்க அவள் அந்தி நேரத்தில் போய்வந்ததெல்லாம் அவன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அந்தத் தாடிக்காரர் நீங்கள்.

அன்று காலை நானும் அதே படிக்கட்டில்தான் நின்றேன். அதே கழுத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன், அவளைவிடச் சத்தமாக. என் விரலில் மோதிரம் இருந்தது, இடுப்பில் குழந்தை இருந்தது. அவளிடம் இரண்டும் இல்லை. அந்த மனிதன் பார்த்த வித்தியாசம் அவ்வளவுதான்.

"அது என் அண்ணன்" என்று கெசையா சொன்னாள். நானும் எழுந்து சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் சிரித்துக்கொண்டே, "இந்த ஊர்ல ஒவ்வொருத்திக்கும் கப்பல்ல ஒரு அண்ணன் இருக்கான் போல" என்றார். ஆண்களெல்லாம் சிரித்தார்கள். அப்போது பாலி எழுந்தாள். "எனக்கு அண்ணன் இல்ல ஐயா. இருந்திருந்தா இந்நேரம் இங்க வந்து நின்னு சொல்லியிருப்பான்" என்றாள். அவளை வெளியே இழுத்துப் போனார்கள். சிரிப்பும் அதோடு நின்றுவிட்டது. எனக்கு உங்களைக் காப்பாற்றிப் பேச வேண்டும் போல இருந்தது. உங்கள் மால்டா கடிதம் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை.

வீட்டு ஜனங்கள் வீட்டுப் பெண்ணுக்காக அப்படித்தான் சொல்வார்கள் என்று என் சாட்சியைத் தள்ளிவிட்டார்கள். டாக்டரிடம் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அவள் போகவில்லை. அதற்காக ஒரு மாதச் சிறை. கைவிலங்கு மாட்டும்போது அவள் என்னைப் பார்த்து, "அண்ணி, அந்த நீலச் சட்டைக்கு இன்னும் ஒரு காலர் பாக்கி இருக்கு" என்றாள். நான் அழுதேன். ரண்டில் அம்மாளும் அழுதார். அவள் அழவில்லை.

இந்தச் சனிக்கிழமை அவளை விடுதலை செய்கிறார்கள். மறுபடியும் டாக்டரிடம் வா என்பார்கள், மறுபடியும் போக மாட்டாள், மறுபடியும் உள்ளே தள்ளுவார்கள். உத்தரவை ரத்து செய்ய ஒரு வழி இருக்கிறது என்கிறார் ரண்டில் அம்மாளின் வக்கீல். அந்தப் படிக்கட்டில் நின்ற மாலுமி நான்தான், அவள் என் தங்கை என்று உங்கள் கேப்டன் முன்னிலையில் சத்தியம் செய்து நீங்கள் எழுதி அனுப்ப வேண்டும். கேப்டனிடம் போய் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும், தெரியும். கப்பலில் பேசுவார்கள், கேலி செய்வார்கள். உங்களுக்குச் சாத்திய கதவுக்குள் கேப்டன் ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும். அவள் ஊரையே உள்ளே வரச் சொல்லிவிட்டு நின்றாள்.

சிறை வாசலுக்கு நான் போகிறேன். அவளுக்குப் பிடித்த குங்குமப்பூ ரொட்டி சுட்டு எடுத்துப் போவேன். தெருப் பெண்கள் பாதிப் பேர் வருகிறார்கள், பாலி தன் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு வருகிறாளாம். கெசையா வெளியே வந்ததும் முதலில் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அண்ணனிடமிருந்து கடிதம் வந்ததா என்றுதான் கேட்பாள். வந்தது என்று சொல்லப்போகிறேன். உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறார், தைரியமாக இருக்கச் சொன்னார் என்று சொல்லப்போகிறேன். அந்தக் கடிதத்தைக் காட்டு என்றால் அடுப்பு மூட்டும்போது எரிந்துவிட்டது என்பேன். அதில் பொய் இல்லை, நேற்று நானேதான் எரித்தேன். மற்றதை உண்மையாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

அவள் நம் வீட்டில்தான் இருப்பாள். இதில் உங்கள் உத்தரவை நான் மீறுகிறேன், வாழ்க்கையில் முதல் தடவை. அதற்கும் அவள்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் உங்கள் கப்பலை நல்ல காற்றில் கொண்டுவந்து சேர்க்கட்டும். அன்றைக்கு அதே படிக்கட்டில் நாங்கள் இருவரும் நிற்போம், லண்டன்காரனும் அங்கேதான் எங்காவது நிற்பான். என் முறை வரும் வரை நான் பொறுத்துக்கொள்வேன், சைலஸ். நீங்கள் இறங்கி வந்ததும் முதலில் அவளைக் கட்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்க்கட்டும்.

என்றும் உங்கள்,
தாமசின்