கத்தி நிற்கும் நேரம்

மார்ச் 4
அட்டை வெட்டும் மெஷினின் வேகத்தைக் கூட்டச் சொல்லி மேனேஜர் மூன்றாவது முறை கேட்டுவிட்டார். நிமிடத்துக்கு நாற்பது வெட்டு, ஐம்பத்திரண்டு ஆக வேண்டுமாம். மோட்டாருக்கு அது பெரிய விஷயமில்லை. கணினியில் நாலு எண்ணை மாற்றினால் ஓடும். நிற்பதுதான் சிக்கல். கை உள்ளே வந்தால் சென்சார் பார்த்து மோட்டாரை நிறுத்தும். வேகம் கூடினால் நிற்க ஆகும் நேரமும் கூடும். அதற்குள் கை கத்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சென்சாரை இன்னும் ஒரு ஜாண் தள்ளி வைக்க வேண்டும் என்று மெயிலும் அனுப்பினேன், நேரிலும் சொன்னேன்.

"அதுக்கு ரெண்டு நாள் மெஷினை நிறுத்தணுமே. அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா."

மார்ச் 6
வேகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டேன், சென்சார் பழைய இடத்திலேயே. வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கைதட்டினார்கள். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 7
அந்த மெஷினில் நிற்கும் அக்காவிடம் சொன்னேன்: "அட்டை சிக்கினா கையை உள்ள விடாதீங்க. முதல்ல சிவப்பு பட்டனை அமுக்குங்க."

சிரித்தார். "அமுக்கினா மறுபடி ஓட ஆறு நிமிஷம் ஆகும். சூப்பர்வைசர் என் தோலை உரிச்சிடுவாரு."

மார்ச் 19
இரண்டு விரல். வலது கை.

மார்ச் 20
முடியாதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே – வாயைத் தைச்சா வெச்சிருந்தாங்க? அடுத்த மாசமாம். அடுத்த மாசம்!

மார்ச் 23
ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா எனக்கு ஆறுதல் சொல்கிறார். "சென்சார் நிறுத்திடும்னு நம்பிக் கையை விட்டுட்டேன். என் தப்புதான்மா, நீ அழாதே."

நிறுத்தாது என்று எனக்குத் தெரியும். சொல்லாமலே வந்துவிட்டேன்.

மார்ச் 26
விசாரணை அறிக்கை வந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு.' கீழே நான் கையெழுத்துப் போட ஓர் இடம். போடவில்லை. என் மெயிலையும், கத்தி நிற்கும் நேரத்தை அளந்த பதிவுகளையும் பிரிண்ட் எடுத்து அக்காவின் கணவரிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சேவா?" என்றார்.

ஏப்ரல் 2
கேட்டில் என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி அண்ணன் தரையைப் பார்த்தபடி, "உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார்.

ஏப்ரல் 11
அக்காவின் கணவர் போன் செய்தார். "கவனக்குறைவுதான்னு அவ கையெழுத்துப் போட்டுட்டாம்மா. அப்பதான் ஸ்டோர்ல வேலை தருவாங்களாம். நீங்க குடுத்த பேப்பரையும் கம்பெனில வாங்கிக்கிட்டாங்க."

அவரே தொடர்ந்தார்.

"இடது கையாலதான் போட்டா. ரெண்டு நாளா நோட்டுல எழுதிப் பழகினா."